லேப்டாப்பில் ஏறிய சனி

கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி ரோட்டில், ஒரு டிபன் கடையின் மாடிப்படியில் காலையிலிருந்தே கூட்டம். ஆளுக்கொரு லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர்கள் மாதிரி. ஒருவர் மேஜைக் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார். ரிப்பேர் கடை என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரெல்லாம் நன்றாகத்தான் ஓடுகின்றன. ரிப்பேரானது வேறு.

மாடியில் இருப்பவர் திரைச்சித்தர் சிட்டிபாபு. கம்ப்யூட்டர் திரைக்கு வாஸ்து பார்ப்பவர். திரையில் குப்பைத்தொட்டிப் படம் வாயு மூலையில் இருந்தால் வேலை காற்றில் பறக்குமாம். பின்னணியில் அருவிப் படம் வைத்தால் சம்பளமும் அருவி மாதிரி கீழே போய்விடுமாம். ஐகான்களை இடம் மாற்றி, நிறம் மாற்றி, ராசிக்கு ஏற்ற பின்னணி போட்டுக் கொடுப்பார். நம் வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோகாமல் செய்கிற அதே வேலைதான். பிள்ளைகள் செய்தால் திட்டுகிறோம். இவர் செய்தால் வரிசையில் நிற்கிறோம்.

"சாமி, லேப்டாப்பைத் திருப்பி வெச்சா வடக்கு மாறிடாதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

"வடக்கு உனக்குத்தானப்பா மாறும். திரைக்கு மாறாது" என்றார் சித்தர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இவ்வளவு பேரை இழுத்தது அவருடைய கிரகமானி. திரையின் ஓரத்தில் கடிகாரம் போல ஒரு வட்டம். அதில் ஒரு முள். பெயரையும் ராசியையும் நட்சத்திரத்தையும் போட்டால், அந்த நிமிஷம் சனி நம்மை எவ்வளவு உக்கிரமாகப் பார்க்கிறான் என்று முள் காட்டும். பக்கத்திலேயே குரு பலத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. சனியின் பார்வை, நேரடி ஒளிபரப்பு!

சேலையூர் கேசவனும் ஒருநாள் அந்தப் படியேறினார். முன்பு நிலம் வைத்து நெல் போட்டவர், இப்போது கடை வைத்துப் பெயின்ட் விற்பவர். கையில் இருந்தது மகள் ஓவியாவின் லேப்டாப். "சர்வீஸ் பண்ணிக் கொண்டாறேன்" என்று வாங்கி வந்திருந்தார்.

ஓவியா ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லேப்டாப் அவள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது, இப்போது கிழடு தட்டிவிட்டது. திரும்பி வந்த லேப்டாப்பில் கிரகமானியைப் பார்த்ததும் முறைத்தாள். "இருக்கட்டும்மா, அழகாத்தானே கீது" என்றார் அப்பா. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அங்கேதான் ஆரம்பித்தது வினை. காலையில் ஆபீஸ் மீட்டிங் தொடங்கும், எல்லார் முகமும் திரைக்கு வரும், உடனே முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பில் போய் நிற்கும். மீட்டிங் முடிந்தால் தானாக இறங்கும். தினம் இதே கதை. கேசவன் சித்தரிடம் ஓடினார்.

சித்தர் கண்ணை மூடினார். "இந்த வேலை உம் மகளுக்கு ஆவாது. விடச் சொல்லு. இல்லாட்டி குடும்பத்தலைவருக்குக் கண்டம்."

குடும்பத்தலைவர் நடுங்கிப்போனார். மறுநாள் கதவோரம் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முள் சிவப்புக்குப் போனதும் அறைக்குள் பாய்ந்து, மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடினார். அதற்கு மறுநாளும் மூடினார். அந்த வாரக் கடைசியில் மேனேஜர் போன் செய்தார். "என்னம்மா ஓவியா, பாதிப் பேச்சுல காணாமப் போயிடறே? இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உனக்காக நான் பேச முடியாது."

ஓவியா அழவில்லை. கோபத்தில் சாப்பிடவும் இல்லை. "அப்பா, நான் தேடிப் புடிச்ச வேலைப்பா இது!"

"வேலை போனா வேற வரும். நான் போனா?" என்றார் கேசவன். பயம் வந்த மனிதரிடம் என்ன பேசுவது?

புதிரின் முடிச்சை அவிழ்த்தது அம்மா பொன்னியம்மாள். மகள் சும்மா வைத்திருந்த லேப்டாப்பில் மத்தியான நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கூப்பிட்டார். "ஏண்டி, நான் நாடகம் பாத்தாலும் முள்ளு ஏறுதே? அந்த சனி உன்னப் பாக்கறானா, நாடகம் பாக்கறானா?"

ஓவியா ஓடி வந்தாள். நாடகத்தை நிறுத்தினாள். முள் இறங்கியது. ஓட்டினாள். ஏறியது. தன் பெயரை அழித்துவிட்டு "தண்ணி லாரி, கும்ப ராசி, சதய நட்சத்திரம்" என்று போட்டாள். கிரகமானி மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. நாடகத்தை ஓட்டினால் தண்ணி லாரிக்கும் சனி பிடித்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் பச்சைப் பட்டை குறையத் தொடங்கியது. லாரிக்குக் குரு பலமும் போச்சு! அம்மாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். திரையை அழகுபடுத்த இலவசமாகவே மென்பொருள் கிடைக்கிறது. கடிகாரம் வைக்கலாம், காலண்டர் வைக்கலாம், கம்ப்யூட்டர் எவ்வளவு வேலை செய்கிறது, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மானியும் வைக்கலாம். அந்த மானிக்குக் காக்கைப் படம் ஒட்டி, 'சனி' என்று பெயர் வைத்ததுதான் சித்தரின் சித்து. வீடியோ ஓடினால் கிழட்டு லேப்டாப் மூச்சு வாங்கும். முள் ஏறும்.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் செய்து காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். "சித்தர் இல்லாதப்ப எது வேணா ஆடும். அவர் எதிர்ல ஆட்டிக் காட்டு, ஒத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'திரை தரிசனம்'. மணமேடையில் சித்தர். பின்னால் பெரிய வெள்ளைத் திரை. மண்டபம் நிரம்பி, வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. செருப்பைக் கழற்றும்போதே மூளையையும் சேர்த்துக் கழற்றி வைத்தார்களோ என்னவோ!

கேசவன் முன்பே சொல்லி வைத்திருந்ததால், தோஷக்காரப் பெண் என்று ஓவியாவை மேடைக்கு அழைத்தார் சித்தர். அவள் லேப்டாப்பை வெள்ளைத் திரையோடு இணைத்தார்கள். கிரகமானி ஆளுயரத்துக்குத் தெரிந்தது.

"சாமி, உங்களுக்கு சனி தோஷமே கிடையாதாமே?" என்றாள் ஓவியா பணிவாக.

"சனி என்னை ஏறெடுத்தும் பாக்க மாட்டான்!"

"அப்ப உங்க பேரைப் போட்டுக் காட்டுங்க சாமி. எல்லாரும் பார்த்துப் புண்ணியம் கட்டிக்கட்டும்."

"போடுங்க சாமி!" என்றது கூட்டம். சித்தர் பெருமையோடு தன் பெயரையும் ராசியையும் தட்டினார். முள் அடியிலேயே கிடந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"எல்லாரும் சும்மாதானே உக்காந்திருக்காங்க, ஒரு படம் போடறேன்" என்று ஓவியா ஒரு சினிமாவை ஓடவிட்டாள். முள் அசைந்தது. அதன்மேல் இன்னொன்று. பாதிக்கு வந்தது. சித்தர் கை நீட்டுவதற்குள் அடுத்தடுத்து இன்னும் சில. முள் பாய்ந்து சிவப்பின் கடைசிக் கோட்டிலேயே முட்டியது. வீட்டில் அது இவ்வளவு தூரம் போனதில்லை. மேளச் சத்தத்தோடு ஓர் அறிவிப்பு வெள்ளைத் திரை முழுக்கப் பளிச்சிட்டது: 'உக்கிர சனி! உயிருக்குக் கண்டம்! உடனே தொடர்புகொள்க: திரைச்சித்தர் சிட்டிபாபு.'

மண்டபமே அதை எழுத்துக் கூட்டிப் படித்தது.

"சாமி, உங்களுக்கே போன் பண்ணச் சொல்லுது சாமி!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு வெடித்தது.

"கூட்டத்துல யாருக்கோ தோஷம் இருக்கு!" என்று கத்தினார் சித்தர்.

"யாருக்கு இருந்தா என்ன, பரிகாரம் பண்ணுங்க. முள் இறங்கட்டும்" என்றாள் ஓவியா.

சித்தர் முணுமுணுத்தார். விபூதியை விசைப்பலகையில் தூவினார். சனி மசியவில்லை. வியர்வையில் அவருடைய விபூதிதான் இறங்கியது.

முன்வரிசையிலிருந்து பொன்னியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "தள்ளுய்யா, நான் பண்றேன் பரிகாரம்." மேடையேறி, ஓடிக்கொண்டிருந்த படங்களை ஒவ்வொன்றாக மூடினார். மூட மூட முள் இறங்கியது. கடைசிப் படத்தை மூடியதும் சனி அடங்கிப் படுத்துவிட்டான். பிறகு ஓவியா காக்கைப் படத்தை நீக்கிவிட்டு, மானியின் அசல் பெயரைக் காட்டினாள். சனி இருந்த இடத்தில் 'பிராசஸர்'. குரு இருந்த இடத்தில் 'பேட்டரி'.

சித்தரின் சாமியார்ப் பேச்சு பறந்துபோனது. "இன்னா சார் இது, பேஜாரா போச்சு! நான் ஒரு டிசைன் போட்டுக் குட்த்தேன். அழகுக்குத்தான் சார். அழகா கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு!"

பந்திக்கூடம் வழியாக நழுவப் பார்த்தவரை வாசலில் மறித்து நின்றார் கேசவன். "எனக்குக் கண்டம்னியேடா. பொண்ணு பொழப்ப நானே மூடினேனேடா!" மிச்சத்தைக் கூட்டம் பேசிக்கொண்டது. போலீஸ் வரும்வரை சித்தர் சமையல்காரர்களோடு பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் கேசவன் லேப்டாப்பை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மெல்லச் சொன்னார். "இத்தினி நாளா உனக்குப் புடிச்ச சனி நான்தாம்மா."

"விடுப்பா, சனி இறங்கியாச்சு" என்றாள் ஓவியா.

மறுநாள் மீட்டிங்கில் அவள் முழுசாகப் பேசினாள். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, யாரும் உள்ளே போகாமல் காவல் இருந்தார் கேசவன். அந்த மாதமே வேலை நிரந்தரமானது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். விட்டார்களா? மேடவாக்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதர், ரிட்டயர்டு ஆபீசர், லேப்டாப்பும் கையுமாக வீடு தேடி வந்துவிட்டார்.

"மண்டபத்துல பார்த்தேம்மா. விண்டோவை மூடினா சனி இறங்குதுன்னு நிரூபிச்சிட்டே. தினம் எத்தனை விண்டோ மூடணும்? ஒத்தைப்படையா, ரெட்டைப்படையா?"

ஓவியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாத்தையும் மூடுங்க சார். மேல ஒண்ணு இருக்கு, அதை மட்டும் திறந்து வையுங்க."

பெரியவர் பரபரவென்று லேப்டாப்பைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைத் துழாவினார்.

"மேலேன்னா... எந்த மூலைம்மா?"

"மூலை இல்ல சார். மூளை."