சின்ன அறைச் சாம்ராஜ்யம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, என் குடும்பத்தைச் சீர்திருத்துவது என்று முடிவு செய்தேன்.

காரணம் இருக்கிறது. நான் வாரம் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஞாயிறு மட்டும் சின்ன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்வெளியை ஆள்கிறவன். அந்த விளையாட்டில் எனக்கு நாலு கிரகம். ஆரம்பத்தில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வயல், கொஞ்சம் சுரங்கம், கொஞ்சம் ஆய்வுக்கூடம் என்று கட்டினேன். எதிரி என்னைத் துவைத்துக் காயப்போட்டான். பிறகு ஒரு கிரகத்துக்கு ஒரே வேலை என்று மாற்றினேன். ஒன்று சாப்பாடு, ஒன்று இரும்பு, ஒன்று கப்பல், ஒன்று ஆராய்ச்சி. மூன்றே வாரத்தில் பாதி வானம் என் கையில்.

வீட்டைப் பார்த்தேன். எல்லாரும் எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தோம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி வந்து சமைப்பாள், தைப்பாள். காலேஜ் போகும் மகள் ஒரு நாள் துவைப்பாள், மறுநாள் பெருக்குவாள். என்னைப் பாத்திரம் கழுவச் சொல்வார்கள். வீடு விளங்குமா?

இன்னொரு வினையும் உண்டு. நடைவழியில் எல்லார் முட்டியையும் இடித்துக்கொண்டு நிற்கும் தையல் மெஷினுக்கு என் சின்ன அறை வேண்டுமென்று மனைவி ஒரு வருஷமாகக் கண் வைத்திருந்தாள். அறை போனால் ராஜ்யமே போச்சு. ஆகவே திட்டத்திலேயே அதற்கும் ஒரு பூட்டுப் போட்டேன்.

தாளில் எழுதினேன். சமையலறை, சாப்பாட்டுக் கிரகம், மனைவிக்கு. துவைப்பதும் தேய்ப்பதும் துணிக் கிரகம், மகளுக்கு. சின்ன அறை ஆராய்ச்சிக் கிரகம், எனக்கு. ஒரு கிரகத்தின் வேலையில் இன்னொன்று கை வைக்கக் கூடாது. வேண்டியதைப் பண்டமாற்று செய்துகொள்ளலாம். கடைசி வரியை எழுதியபோது என் அறிவைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். மனைவி இரண்டு முறை படித்தாள், நல்லாத்தான் இருக்கு என்று கையெழுத்துப் போட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மதியம் ஒன்றரைக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. மகள் தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா மருந்துக்கடைக்குப் போட்டுப் போகும் கோட்டு இரண்டையும் தேய்த்துக் கொடுத்துவிட்டாளாம்.

"என் தட்டு எங்க?"

"நீங்க என்ன கொண்டாந்தீங்க?" என்றாள் மனைவி.

"நான் ஆராய்ச்சி."

"சரிங்க. காலையிலேர்ந்து என்ன கண்டுபிடிச்சீங்க?"

"லேசர் பீரங்கி. ரெண்டாம் ரகம்."

அவள் நிஜமாகவே யோசித்தாள். "அது நமக்கு வேணாங்க. வேற ஏதாவது இருக்கா?"

நானே இரண்டு முட்டை உடைக்கலாமென்று அடுப்புப் பக்கம் போனேன். மகள் மென்றுகொண்டே தாளைத் தூக்கிக் காட்டினாள். கை வைக்கக் கூடாதாம். வெளியே போய்ச் சாப்பிடலாமென்று சட்டையைத் தேடினேன். என்னுடைய ஏழு சட்டையும் துணிக் கிரகத்தில் ஊறிக்கொண்டிருந்தன.

கம்ப்யூட்டருக்கே திரும்பினேன். அங்கே எதிரி என் சாப்பாட்டுக் கிரகத்தை மட்டும் வளைத்துக்கொண்டு நின்றான். மற்ற மூன்றும் பட்டினி. வயிறு எரிந்தது, இரண்டு விதத்திலும்.

மூன்று மணிக்கு மறுபடி மனைவியிடம் போனேன்.

"என்கிட்ட என்னதான் இருக்குன்னு நீயே சொல்லேன்."

"ஒரு ரூம் இருக்கே."

மூன்றே காலுக்குத் தையல் மெஷினை நானே தூக்கிக்கொண்டு போய்ச் சின்ன அறையில் வைத்தேன். கம்ப்யூட்டர் நடைவழிக்கு வந்தது. தட்டும் வந்தது. நன்றாகத்தான் சமைத்திருந்தாள், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசி வாய் உள்ளே போகும்போது கேட்டாள். "ராத்திரிக்கு என்ன கொண்டாருவீங்க?"

பாத்திரம் கழுவ எழுந்து போனேன்.