வயர் பார்க்கும் வக்கீல்

உண்மை பேசியே பாதி ஊரைப் பகைத்துக்கொண்ட மனிதர் திருப்பூரில் ஒருவர்தான். தாராபுரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, பஸ், லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது, கேட்டவர்களையும் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவர் வக்கீல்.

காரணம் இதுதான். லைட் எரியவில்லை என்று வண்டியைக் கொண்டுபோனால் மற்ற எலக்ட்ரீசியன்கள் பானெட்டைத் திறப்பார்கள். இவர் டிரைவரை ஸ்டூலில் உட்காரவைத்து விசாரணையைத் திறப்பார்.

“மொதல்ல எப்பங்க எரியாமப் போச்சு?”

“நேத்துங்க.”

“அதுக்கு முன்னாடி என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலீங்க.”

“ஒண்ணும் பண்ணாத வண்டி இங்க எதுக்குங்க வருது?”

இப்படியே அரை மணி நேரம் போகும். பாட்டுப் பெட்டி மாட்டியது, வண்டியைக் கழுவும்போது உள்ளே தண்ணீர் விட்டது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதற்குப் பிறகுதான் கழுத்தில் தொங்கும் டெஸ்ட் லாம்ப்பைக் கழற்றுவார். ஒரு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான் கருவி. பத்து நிமிடத்தில் கோளாறு கிடைத்துவிடும். பிறகு ரோட்டோரம் வந்து நின்று, எதிர் டீக்கடைக்குக் கேட்கும்படி தீர்ப்புச் சொல்வார். என்ன கோளாறு என்பது ஒரு வரி, யார் செய்த தப்பு என்பது பத்து வரி.

கொங்கு நாட்டு மரியாதை தீர்ப்பிலும் குறையாது. “உங்களுக்குப் புத்தி கம்மிங்க” என்று அவர் சொல்லும் அழகில், கேட்டவர் “ஆமாங்க” என்று தலையாட்டிவிட்டுப் போவார். பாதி வழியில்தான் கோபம் வரும்.

பெரிய பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் புதுக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். இண்டிகேட்டர் பக்கத்தில் கடகடவென்று சத்தம் வருகிறதென்று, உள்ளே பனியன் வேஸ்ட்டைத் திணித்து வைத்திருந்தார். எங்கள் ஊரில் எந்த ஓட்டைக்கும் அதுதான் மருந்து. மழையில் துணி ஊறி, வயரெல்லாம் களிம்பு பிடித்துப் போயிருந்தது. “இத்தனை பெரிய கம்பெனி நடத்தறீங்க, துணி தண்ணி குடிக்கும்னு தெரியாதுங்களா?” என்று டீக்கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார் வக்கீல். சொந்த மச்சானையும் விட்டதில்லை. மூலனூரில் ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றுகிற நேரத்தில், “மச்சான், எரிஞ்சுபோன ஃபியூஸுல சிகரெட் பெட்டி ஜிகினாத் தாள் சுத்துனது நீங்கதானுங்க” என்று அறிவித்தார். மச்சான் ஆறு மாதம் பேசவில்லை. அதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்பது வக்கீலின் கருத்து.

தன் வேலை மீது அவருக்கு இருந்த கர்வமும் கொஞ்சநஞ்சமல்ல. “என் கை பட்ட எடத்துல தப்பு வராதுங்க” என்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் வந்ததும் இல்லை.

நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் ஆட்களின் வரவைக் குறிக்கும் டைம் ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸும் என் பொறுப்பு. கிழட்டு பஸ். இருபது வருடமாக அதை ஓட்டுகிறவர் வெள்ளகோவில் நாச்சிமுத்து அண்ணன். அந்த வருடம் தகுதிச் சான்று வாங்க, அதாவது எஃப்.சி.க்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போன இடத்தில், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு இடது இண்டிகேட்டரையும் போடச் சொன்னார்கள். போட்டதும் ஹெட்லைட் மங்கிப் படுத்துவிட்டது. டேஷ்போர்டில் பிரைட் லைட்டுக்கான நீல விளக்கு, யாரும் கேட்காமலே கண்ணடிக்க ஆரம்பித்தது. சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் முதலாளி கோபத்தில் குதித்தார். “யாரோ வயருல கை வெச்சிருக்கறாங்க. ஆரு என்னன்னு தெரியோணும். தெரிஞ்ச அன்னைக்கே அவனை ஊட்டுக்கு அனுப்பீருவேன். கூப்புடுங்க வக்கீலை!”

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அந்த பஸ்ஸுக்கு வைப்பர் மோட்டார் மாற்றியவரும் வக்கீல்தான். வந்தார். ஸ்டூல் போட்டார். நாச்சிமுத்து அண்ணன் எல்லாக் கேள்விக்கும் “ஒண்ணும் பண்ணலீங்க” என்றே சொன்னார். நிஜமாகவே அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

வக்கீல் டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே தலையை விட்டார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். துருவும் தூசியுமாகக் கிடந்த வயர்களுக்கு நடுவில் ஒரே ஒரு போல்ட் மட்டும் வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னியது. அதன் தலையில் சந்தனம், நடுவில் குங்குமம்.

“நாச்சிமுத்தண்ணா, இதென்னுங்க?”

“அதுங்களா? ஆயுத பூசைக்கு வண்டியைத் தொடைக்கறப்ப பாத்தனுங்க. ஒரே துரு. சாமிக்கு முன்னால நல்லா இருக்காதுன்னு கழட்டித் தேச்சு, அலுமினியம் பெயிண்ட் அடிச்சுப் பொட்டு வெச்சு முடுக்குனனுங்க.”

வக்கீல் பெருமூச்சு விட்டார். “லைட்டுக்குப் போற கரண்டு திரும்பி வர்ற எர்த் போல்ட் இதுங்க. பெயிண்ட் வழியை அடைச்சுப் போட்டுது. போக்கத்த கரண்டு கண்ட பல்புக்குள்ள பூந்து திரும்புது.”

பகல் ஷிப்டுக்கு மட்டும் ஓடுகிற வண்டி, ஹெட்லைட் போட வேண்டிய அவசியமே வரவில்லை. அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. நாச்சிமுத்து அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தக் கம்பெனியும் அவர் கையில் ஸ்டியரிங்கைத் தராது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து முதலாளியின் செருப்புச் சத்தம் ஆபீஸ் படியில் கேட்டது.

வக்கீல் அவசரமாகக் கட்டைவிரலால் பொட்டைச் சுரண்டி எடுத்தார். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“என்னுங்க வக்கீலு, ஆருங்க அந்தப் புண்ணியவான்?”

சொந்த மச்சானையே பந்தியில் விடாத மனிதர் அல்லவா?

“நாந்தானுங்க,” என்றார் வக்கீல். “வைப்பர் மோட்டார் மாத்தறப்ப எர்த் போல்ட்டுல பெயிண்ட் அடிச்சு முடுக்கீட்டனுங்க.”

முதலாளி அன்று வக்கீலை வாங்கிய வாங்கு கொஞ்சமல்ல. “ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்றீங்களே, உங்களுக்குப் புத்தி எங்கீங்க போச்சு?” வக்கீல் நிமிர்ந்து பார்க்கவில்லை. “தப்புத்தானுங்க” என்று ஒவ்வொரு திட்டுக்கும் ரசீது கொடுப்பது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து அண்ணன் வாய் திறக்கப் போனபோது, போல்ட்டை முடுக்கிவிட்டு “அண்ணா, ஹெட்லைட்டைப் போடுங்க” என்று அதட்டினார். இண்டிகேட்டரையும் போட்டார்கள். எல்லாம் அதது இடத்தில் ஒழுங்காக எரிந்தது.

பஸ் பாஸாகிவிட்டது. நாச்சிமுத்து அண்ணன் இன்னும் அதையே ஓட்டுகிறார். ஆனால் முதலாளி இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஸ்டூலில் உட்காரும் டிரைவர்கள் இப்போது வக்கீலையே குறுக்கு விசாரணை செய்கிறார்கள். “எர்த்துக்குப் பெயிண்ட் அடிச்ச ஆளுதானுங்களே நீங்க?” என்கிறார்கள். அவரும் “ஆமாங்க” என்கிறார்.

ஒருநாள் தனியாக இருக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “சாமி கும்புட்டதெல்லாம் கேஸுல சேராதுங்க” என்றவர், வேலையைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

எங்கள் கம்பெனி அதன் பிறகு அவரைக் கூப்பிடுவதில்லை. என் ஸ்கூட்டரில் லைட் எரியவில்லை என்றால் நான் அவரிடம்தான் போகிறேன். எரிந்தாலும் போகிறேன்.