கயிறு போட்டால் சரக்கு

ஹரிநாராயணனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலை ஏழு மணியிலிருந்து கைவண்டியின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கைவண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. ஆரியசாலைத் தெருக்களின் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக வந்து அவர் முதுகெலும்பை விசாரித்துவிட்டுப் போனது.

"சுடலை, போதும். நிறுத்து. இறங்கணும்."

மணி பத்தேகால். பதினொன்றுக்கு ஸ்ரீவராகம் ஹாலில் வார்டு வேட்பாளர்கள் எல்லாரும் மக்கள் முன் பேச வேண்டும். அந்த ஹாலில் நானூறு ஓட்டு உட்கார்ந்திருக்கும். சுயேச்சையாக நிற்கிறவருக்கு அதை விட்டால் மிச்சம் மனைவி ராஜஸ்ரீயின் ஓட்டு. அதுவும் அவருக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

ஜீப்பில் போயிருந்தால் இந்த வலி இல்லை. ஆனால் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஹரிநாராயணன் ஊரின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். யோசித்ததை 'நாளைய நகரம்: இருபத்தேழு அம்சங்கள்' என்று அச்சடித்தும் விட்டார். புகை விடாத பிரசாரம். ஃபிளக்ஸ் இல்லை. நோட்டீஸ்கூட கீரை விதை பதித்த தாள்; படித்துவிட்டு மண்ணில் போட்டால் முளைக்கும். சின்னம் குடை. நைலான் குடை கொள்கைக்கு ஆகாது என்பதால் கையில் ஓர் ஓலைக்குடை.

வண்டியோடு நாற்காலியையும், நாற்காலியோடு அவரையும் சேர்த்துக் கட்டியவர் வண்டிக்காரர் சுடலைக்கண்ணு. "பள்ளத்துல விழுந்து வச்சீங்கன்னா எனக்குல்லா கேடு" என்று சொல்லி, தேங்காய் நார்க் கயிற்றைப் பின்பக்கமாக முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சு எங்கே இருக்கிறது என்று ஹரிநாராயணனுக்குத் தெரியாது.

"கடைசியா ஒண்ணு பேசிட்டு இறங்குங்க சாரே. ஜங்ஷன்ல ஆளு கூடியிருக்கு," என்றார் சுடலைக்கண்ணு.

ஆள் கூட்டத்தைக் கண்டால் ஹரிநாராயணனுக்கு வலி தெரியாது. மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! பழமையும் வளர்ச்சியும் கை கோர்க்கும் நகரம் என் கனவு. லாரி இல்லாத கடைத்தெரு, முதல் அம்சம். தொழிலாளர் சட்டங்கள் கண்டிப்பா அமல்படுத்தப்படும், நாலாவது அம்சம். வாக்குறுதி மட்டும் குடுக்கற ஆள் இல்லை நான். இதோ பாருங்கோ, இந்த மூலையில முன்னே ஆறு ஓட்டைக் கைவண்டி கிடந்து இடத்தை அடைச்சுண்டிருந்தது. ஒரே ஒரு பெட்டிஷன் போட்டேன். இப்ப மூணு பூந்தொட்டி!"

எல்லாரும் பூந்தொட்டிகளைப் பார்த்தார்கள். மூன்றிலும் பீடித் துண்டு நன்றாக வளர்ந்திருந்தது.

"இந்த வண்டி சொந்த வண்டியா சுடலை?" என்று மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டார். கொஞ்சம் அன்பாகப் பேசினால் ஓட்டு.

"வாடகை சாரே. சொந்தமா ஒண்ணு இருந்தது."

"நல்லது. இப்ப அவிழ்த்து விடு."

சுடலைக்கண்ணு கயிற்றில் கை வைத்தார். அதற்குள் நீலச் சட்டை போட்ட ஏழெட்டுப் பேர் வண்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவர் ஆறுமுகசாமி. இந்தப் பக்கத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளர்களின் சங்கத் தலைவர்.

"யாரு இறக்குதா?" என்றார் ஆறுமுகசாமி.

"யாரும் இறக்க வேண்டாம். நானே இறங்கிக்கறேன்."

"அது நடக்காது சாரே. இந்த ஜங்ஷன்ல வண்டியிலேருந்து எது இறங்கினாலும் சங்கக் கார்டு உள்ள ஆளுதான் இறக்கணும். அரிசி மூட்டைன்னாலும் சரி, முட்டைக்கோசுன்னாலும் சரி."

"நான் முட்டைக்கோசு இல்லை. வேட்பாளர்."

ஆறுமுகசாமி சுடலைக்கண்ணுவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். சுடலைக்கண்ணு பிடரியைச் சொறிந்தார். ஆறுமுகசாமி கயிற்றைத் தொட்டு இழுத்துப் பார்த்தார்.

"கயிறு போட்டிருக்கு. கயிறு போட்டா சரக்கு."

வேறு நாளாக இருந்தால் ஹரிநாராயணன் கத்தியிருப்பார். ஆனால் ஆறுமுகசாமிக்குப் பின்னால் அறுபத்திரண்டு கார்டு. அறுபத்திரண்டு கார்டுக்குப் பின்னால் அறுபத்திரண்டு குடும்பம். வலியைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

"அதுக்கென்ன, நீங்களே இறக்குங்கோ. தொழிலாளர் கையால இறங்கறது எனக்குப் பெருமை."

"எடை எவ்வளவு?"

"தொண்ணூத்திரண்டு."

நீலச் சட்டைகளில் ஒருவர் விசிலடித்தார்.

"ஐம்பத்தஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு சட்டம்," என்றார் ஆறுமுகசாமி வருத்தத்தோடு. "சட்டத்தைக் கண்டிப்பா நடத்தணும்னு இப்பத்தானே சொன்னிய? ரெண்டு லோடாப் பிரிச்சாத்தான் இறக்க முடியும்."

"என்னை எப்படிய்யா ரெண்டாப் பிரிக்கறது?"

"அது சரக்குக்காரங்க பார்க்க வேண்டிய காரியம்."

எதிரே சாயாக்கடை போட்டிருந்த தாசம்மாள் பாய்லரைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். காலையில் அவள் கடையில் குடித்த இரண்டு சாயா ஹரிநாராயணனின் அடிவயிற்றில் வந்து நின்று, தங்களையும் யாராவது இறக்கிவிட வேண்டும் என்றன.

"சுடலை, வண்டியை எடு. இவா ஏரியாவைத் தாண்டி இறங்கிக்கறேன்."

சுடலைக்கண்ணு மறுபேச்சுப் பேசாமல் இழுத்தார். நூறடி தாண்டி ஒரு மின்கம்பம். அதற்கு அந்தப் பக்கம் வேறு சங்கம், அங்கே காக்கிச் சட்டை. அதன் தலைவர் தாசையன் மடித்துக் கட்டிய வேட்டியோடு நடுத்தெருவில் நின்றார்.

"எங்கே ஏத்தின சரக்கு?"

"ஆரியசாலையில," என்றார் சுடலைக்கண்ணு.

"அங்கே ஏத்தினதை அங்கேயே இறக்கிக்கிடணும். இங்கே இறக்கணும்னா இங்கேருந்து ஏத்தியிருக்கணும்."

"இறங்காம எப்படி ஏறறது?" என்று ஹரிநாராயணன் கேட்டார்.

"அதுதானே சாரே பிரச்சினை," என்றார் தாசையன். அவரும் பேசுவதற்கு முன்னால் சுடலைக்கண்ணுவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

போன் அடித்தது. ராஜஸ்ரீ.

"ஏன்னா, எங்க இருக்கேள்? எல்லாரும் வந்தாச்சு. மேடையில உங்க நாற்காலி மட்டும் காலி."

"நாற்காலி என்கூடத்தான் இருக்கு. அதுலதான் என்னைக் கட்டிப் போட்டிருக்கா."

"யாரு?"

"தொழிலாளர்கள்."

"கடத்திட்டாளா?"

"இல்லடி, இறக்க மாட்டேங்கறா!"

ராஜஸ்ரீ குரலைத் தாழ்த்தினாள். "காலையில மாத்திரை போட்டுண்டேளா?" என்று கேட்டாள்.

பேங்கில் முப்பத்து மூன்று வருஷம் எத்தனையோ தகராறு தீர்த்தவர் ஹரிநாராயணன். இதையும் தீர்க்கலாம் என்று மைக்கை மறுபடி எடுத்தார். அந்த நேரத்தில் அவர்மேல் பிரியம் உள்ளவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மைக்கைப் பிடுங்கியிருப்பார்கள்.

"நண்பர்களே! இந்த மின்கம்பம்தான் எல்லைன்னு வச்சுப்போம். எல்லையில வண்டியை நிறுத்தி, ரெண்டு சங்கமும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு, ஒற்றுமையா என்னை இறக்கலாமே!"

எல்லாரும் மின்கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லை மின்கம்பம் என்பது தாசையன் கட்சி. மின்கம்பத்துக்கு நாலடி தள்ளியிருக்கும் ஓடைதான் எல்லை என்பது ஆறுமுகசாமி கட்சி. அந்த நாலடிக்காகப் பதினோரு வருஷமாக கேஸ் நடக்கிறது. இரண்டு பேருக்கு மண்டை உடைந்திருக்கிறது. ஹரிநாராயணன் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"யாரைக் கேட்டு ஓய் கம்பம்னு சொன்னீரு?" என்று ஆறுமுகசாமி பின்னாலிருந்து ஓடி வந்தார்.

"சாரு சொன்னதுதான் நியாயம்!" என்றார் தாசையன்.

நீலச் சட்டைகள் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். காக்கிச் சட்டைகள் முன்னால் உட்கார்ந்தார்கள். வேலை நிறுத்தம். பின்னால் வந்த வெங்காய லாரி நின்றது. அதன் பின்னால் மிளகாய் லாரி நின்றது. ஜங்ஷன் வரை ஹாரன் சத்தம். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து, யார் காரணம் என்று விசாரித்து, வண்டிமேல் இருந்தவரை மனசில் குறித்துக்கொண்டார்கள். ஆரியசாலையில் ஒரு லாரியும் ஓடவில்லை. முதல் அம்சம் நிறைவேறியது.

அப்போது மழை பிடித்தது.

ஓலைக்குடை முதல் காற்றிலேயே மடங்கிப் பின்பக்கமாகப் போனது. மைக் பேட்டரி ஒரு தடவை கீச்சிட்டுவிட்டு உயிரை விட்டது. நோட்டீஸ் கட்டு நனைந்து களியாகி வண்டிப் பலகையில் வழிந்தது. மிளகாய்க் கடை வாசலில் நின்ற ஓர் ஆடு வந்து, ஈரத் தாளை முகர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. இருபத்தேழு அம்சங்களையும் கடைசி வரை பார்த்த ஒரே ஜீவன் அதுதான்.

"அதை விரட்டேன் சுடலை!"

"வாயில்லா ஜீவன் சாரே. பசிக்குல்லா," என்று சுடலைக்கண்ணு வண்டிக்கு அடியில் குந்தி பீடி பற்ற வைத்தார். அங்கே மழை படவில்லை.

"ரொம்ப அவசரமா வருது சுடலை," என்றார் ஹரிநாராயணன் சின்னக் குரலில்.

"மழையாத்தானே இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

நானூறு ஓட்டை எதிர்பார்த்துப் புறப்பட்ட மனிதர், கதர் வேட்டியும் தானுமாக, கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

பன்னிரண்டரைக்கு மறுபடி போன்.

"எல்லாம் முடிஞ்சுடுத்துன்னா. பாயசம் குடுத்துண்டிருக்கா."

"நான் வராததைப் பத்தி யாராவது..."

"உங்க நோட்டீஸ் நாற்காலிக்கு நாற்காலி கிடந்ததோன்னோ? மத்த ரெண்டு வேட்பாளரும் அதைப் பார்த்தே பேசிட்டா. பதினாலு அம்சம் அவர், பதிமூணு அம்சம் இவர். என்ன கைதட்டல்! நான்கூடத் தட்டிட்டேன்."

ஹரிநாராயணன் போனை மடியில் வைத்தார். மழை விட்டது. யாரோ "சோறு" என்றார்கள். நீலச் சட்டையும் காக்கிச் சட்டையும் பின்பக்க ஈரத்தைத் தட்டிக்கொண்டு எழுந்து, பேசிச் சிரித்தபடி ஒரே ஓட்டலுக்குப் போனார்கள். ஆறுமுகசாமியின் தோளில் தாசையனின் கை இருந்தது.

சுடலைக்கண்ணு வண்டியைத் திருப்பி ஜங்ஷனுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். பூந்தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தினார். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. முடிச்சு மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது. ஹரிநாராயணனின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, பச்சரிசி மூட்டையை வைக்கிற மாதிரி, மெதுவாகத் தரையில் வைத்தார். தெருவில் ஒருத்தர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹரிநாராயணனுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இதைக் காலையிலேயே பண்ணியிருக்கலாமே! கார்டு உள்ளவாதான் இறக்கணும்னு சொன்னாளே, இப்ப மட்டும் எப்படி?"

சுடலைக்கண்ணு கயிற்றைச் சுருட்டினார். தாசம்மாள்தான் சாயாவை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"கார்டு சுடலையண்ணன்கிட்டயும் இருபது வருசமா இருக்கு சாரே. உங்க பெட்டிஷனால கார்ப்பரேஷன்காரங்க தூக்கிட்டுப் போன ஆறு வண்டியில அஞ்சு திரும்பி வந்திருச்சு, இவரு வண்டி மட்டும் அவங்க யார்டுலயே கெடந்து மக்கிப் போச்சு; அண்ணனுக்கு நீங்க இன்னும் ஒரு வண்டி பாக்கி."