சவப்பெட்டிக்குள் ஒரு சனிக்கிழமை

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று வெண்டல் சபதம் எடுத்தார். மூன்று மணிக்கு டிவியில் கல்லூரி அணியின் கால்பந்து, மடியில் ஒரு கிண்ணம் பாப்கார்ன். ஓஹாயோவில் ஓர் ஆண்மகனுக்கு வேறென்ன வேண்டும்?

குறுக்கே நின்றது ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழா. அக்டோபர் பிறந்துவிட்டால் அவர் மனைவி டோரீனுக்குக் கால் தரையில் பாவாது. சனிக்கிழமைதோறும் ஸ்டட்லர் பண்ணைக்குப் போயாக வேண்டும். வைக்கோல் வண்டியில் ஏறிப் பேய் நாடகம் பார்க்க வேண்டும், சோளக்காட்டுப் புதிர்ப்பாதையில் அலைய வேண்டும். போன வருஷம் அதில் வழி தப்பிய வெண்டல், ஆட்டம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தார்.

எனவே ஒரு பேய்க்கதை எழுதினார். இரண்டு நாள், மூன்று பென்சில். அதே சோளக்காட்டில் வழி தப்பிச் செத்த கிழவன் எஸ்ரா சவப்பெட்டியிலிருந்து எழுந்து, ஆரஞ்சு ஸ்வெட்டர் போட்ட பெண்களாகப் பார்த்துப் பிடிக்கிறான். டோரீனிடம் இருந்தது ஆரஞ்சு ஸ்வெட்டர். தாளைத் தபாலோடு சேர்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் பேப்பர் படித்தார்.

"வெண்டல், இது யாரு அனுப்பினது?"

"யாரோ. நம்மள எச்சரிக்கை பண்றாங்க. இந்த வருஷம் பண்ணை வேண்டாமே?"

"இந்தப் பேய்க்கு இடது முழங்கால் வலியாமே?"

"பேய்க்கும் வயசாகாதா?"

"துரத்துற வழியில உக்காந்து ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய் திங்குதாமே?"

வெண்டல் பேப்பரைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா இந்தப் பேயோடதானே குடித்தனம் பண்றேன்! ஆனா நல்லா எழுதியிருக்க. நிஜமாவே எனக்குப் புல்லரிச்சுது."

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பாராட்டியதே இல்லை. உச்சி குளிர்ந்துபோய், எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். அங்கேதான் கவிழ்ந்தார்.

மறுநாளே கதை டோரீன் கையோடு பண்ணைக்குப் போய்விட்டது. வைக்கோல் வண்டிக்கு வருஷா வருஷம் புதுக் கதை வேண்டும், நடிப்பது ஊர்க்காரர்கள். பண்ணைக்காரர் ஸ்டட்லரே போன் செய்தார்.

"அபாரம், வெண்டல்! எஸ்ராவா நீதான் படுக்கணும். அந்த முழங்கால் வேற யாருக்கு வரும்? நாலு சனிக்கிழமை, மூணு மணியிலேர்ந்து ஆறு வரைக்கும். டோரீன் அப்பவே சரின்னுட்டா!"

முதல் சனிக்கிழமை, முகமெல்லாம் மாவோடு சவப்பெட்டியில் படுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அவர் எழுந்ததும் முதல் வண்டிக் குழந்தைகள் அலறிய அலறலில் மனசு நிறைந்துதான் போயிற்று.

அப்புறம் டோரீன் எட்டிப் பார்த்தாள். ஆரஞ்சு ஸ்வெட்டரைக் காணோம். அவருடைய கால்பந்துச் சட்டையை மாட்டியிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வீட்டுக்கு. ஒரு மனுஷன் சனிக்கிழமைக்காகப் பேய்க்கதையே எழுதறான்னா, அப்படி என்னதான் இருக்கு அந்த ஆட்டத்துலன்னு பாக்க வேண்டாமா?"

"டோரீன்! ஸ்கோராவது வந்து சொல்லு!"

"வண்டி வருது, பொணம் பேசக் கூடாது" என்று மூடியைச் சாத்தினாள்.