இரண்டாம் சரணத்துக்குப் பின் ஓர் இருமல்

செயலாளருக்கு இருமல் வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு வந்தால் அது உடம்புக்கு வந்த கோளாறு. இவருக்கு வந்தால் சங்கத்துக்கே வந்த கண்டம். அதுவும் இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்? மாலை ஐந்து மணிக்குக் கிடார்காரருக்குப் பாராட்டு விழா. அரங்கம் பிடித்தாயிற்று, பொன்னாடை வாங்கியாயிற்று, இருநூறு உறுப்பினர்களும் வருவதாகச் சொல்லியாயிற்று. காலை ஆறு மணிக்குப் பல் தேய்க்கப் போன மனிதர் இருமிக்கொண்டே திரும்பி வந்தார்.

"உப்புப் போட்ட வெந்நீர். கொப்பளிங்க," என்று மனைவி டம்ளரை நீட்டினாள்.

"கொப்பளிச்சா தொண்டை மாறிடும்."

"நீங்களா பாடப் போறீங்க? இருமத்தானே போறீங்க."

"இருமலுக்கும் சுருதி இருக்கு. உனக்கு எங்கே தெரியப் போவுது."

மனைவி டம்ளரை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். முப்பது வருடமாக இந்த இருமலோடு குடும்பம் நடத்துகிறவள் அவள்.

விஷயம் இதுதான். கிடார்காரர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிய பாட்டு ஒன்று உண்டு. 'ஏழாம் நம்பர் பஸ்' என்று பெயர். காதலியைப் பேருந்து நிறுத்தத்தில் வழியனுப்புகிற பாட்டு. இரண்டாம் சரணம் முடிந்ததும் கிடார் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக வாசிக்கும். அந்த இடத்தில், மிக மெல்லிசாக, ஓர் இருமல் கேட்கும். அப்புறம் மூன்றாம் சரணம்.

பாட்டுக்கு ரசிகர்கள் இருப்பது உலக வழக்கம். இந்தச் சங்கத்தார் அந்த இருமலுக்கு ரசிகர்கள். பாட்டின் இசைத்தட்டு வந்த வேகத்திலேயே கடைகளிலிருந்து காணாமல் போய்விட்டது. செயலாளரிடம் மட்டும் ஓர் ஒலிநாடா இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் நகல் எடுத்துக் கொடுத்தார். அப்படித்தான் சங்கமே பிறந்தது. பிற்பாடு கம்பெனிக்காரர்கள் அந்தப் பாட்டைச் சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றியபோது இருமலைக் காணோம். 'கலையின் குரல்வளையை நெரித்த கம்பெனி'யைக் கண்டித்து சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. கம்பெனி பதில் எழுதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எங்கே பதில் எழுதும்?

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி அந்தப் பாட்டைப் போடுவார்கள். இடம் வந்ததும் செயலாளர் ஒரு முறை இருமுவார். உடனே எல்லாரும் ஒரே குரலில் இருமுவார்கள். அதற்காக அவர் கொடுத்த பயிற்சி கொஞ்சநஞ்சமல்ல. "பாட்டைக் கேட்காதீங்க, கோட்டை விட்டுடுவீங்க. என்னை மட்டும் பாருங்க. நான் இருமினா நீங்க இருமணும்," என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பினாலும் அவருக்குப் பின்னால் இருமுகிற அளவுக்கு அவர்களை ஆக்கி வைத்திருந்தார்.

பகலில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் மாட்டி, "இப்போ தெளிவா இருக்கா? இப்போ?" என்று கேட்கிற வேலை. அதில் யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருநூறு பேர் அவர் தொண்டையையே பார்ப்பார்கள். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பதவிக்குத்தான் இப்போது ஆபத்து. துணைச் செயலாளர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தங்கையின் கணவர். மாப்பிள்ளை. அந்த இருமலுக்கு என்ன பொருள் என்பதில் இருவருக்கும் இருபது வருடத் தகராறு. காதலி பேருந்தில் ஏறியதும் துக்கம் தொண்டையை அடைக்கிறது, அதனால் இருமுகிறான் என்பது செயலாளர் கட்சி. நிறுத்தத்துக்குக் காதலியின் அப்பா வந்துவிட்டார், அவளுக்கு ஜாடை காட்ட இருமுகிறான் என்பது மாப்பிள்ளை கட்சி. சங்கம் சரிபாதியாகப் பிளந்து கிடந்தது. தங்கை வீட்டில் விருந்து என்றால்கூட, கை கழுவுவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும்.

"கிடார்காரரே வர்றார். அவர்கிட்டயே கேட்டுடலாம் மச்சான்," என்று போன வாரம் மாப்பிள்ளை சொன்னார். "நான் சொல்றது தப்புன்னா சங்கத்தை விட்டே போயிடறேன். நீங்க சொல்றது தப்புன்னா செயலாளர் பொறுப்பை எனக்கு விட்டுக் கொடுத்துடுங்க."

"கேளுங்க மாப்பிள்ளை, தாராளமா கேளுங்க," என்று செயலாளர் வீராப்பாகச் சொன்னார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது இருமல் வேறு. உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், இருமல் இரட்டிப்பானது. மருந்துக்கடைக்கு ஓடினார்.

"சளியா, வறட்டு இருமலா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எதுவா இருந்தாலும் ஆறரை மணி வரைக்கும் நிக்கணும். ஆறரைக்கு ஒரே ஒரு தடவை மட்டும் வரணும்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சிரப் பாட்டிலை எடுத்து வைத்தார். இரண்டு மூடி குடிக்கச் சொன்னார். செயலாளர் நான்கு மூடி குடித்தார். இருமல் நின்றதோ இல்லையோ, தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அதை விரட்ட மூன்று டம்ளர் காப்பி குடித்தார். இப்போது தூக்கம் போனது, கை நடுங்கியது, இருமல் திரும்பி வந்தது. ஆகமொத்தம் காலையில் வெறும் இருமலோடு இருந்தவர், மாலையில் இருமல், நடுக்கம், கொட்டாவி மூன்றோடும் அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

கிடார்காரர் சரியாக ஐந்து மணிக்கு வந்தார். எழுபத்து நான்கு வயது. ஒடிசலான உடம்பு, தோளில் பழைய கிடார். வணக்கம் சொல்லிக்கொண்டே மேடையேறினார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு வயதிலிருந்து காதால் மட்டுமே பழகிய மனிதர், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாருடைய பார்வையிலும் படும்படி மேடையின் இடது மூலையில் ஒரு முக்காலி போட்டு செயலாளர் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை வரவேற்புரையைத் தொடங்கினார்.

"ஐம்பது ஆண்டுகளாக நம் நெஞ்சங்களில் குடியிருக்கும் இந்த மாபெரும் கலைஞர்..."

செயலாளர் இருமினார்.

இருநூறு பேரும் இருமினார்கள்.

கண்ணாடிக் கதவுகள் ஒரு கணம் அதிர்ந்தன. மாப்பிள்ளை கையிலிருந்த தாளைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. கிடார்காரர் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"தூசி அதிகமோ? அந்த ஃபேனை வேணா நிறுத்திடுங்க," என்றார் தன்மையாக.

மாப்பிள்ளை முக்காலி அருகே வந்து குனிந்தார். "மச்சான், என் பேச்சு பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம். இப்படி ஊரையே விட்டு இருமச் சொல்லணுமா?"

"ஐயோ மாப்பிள்ளை, இது நிஜ இருமல்."

"எது நிஜம், எது சங்கத்து இருமல்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. செயலாளர் ஒரு துண்டுச் சீட்டு எழுதி முதல் வரிசையில் கொடுத்தார். 'சற்றுமுன் நான் இருமியது என் சொந்த இருமல். யாரும் பின்பற்ற வேண்டாம். கைக்குட்டையை உயர்த்தினால் மட்டும் இருமவும்.' சீட்டு வரிசை வரிசையாகக் கடைசி வரை போனது. எல்லாரும் தலையாட்டினார்கள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிடார்காரர் முதல் பாட்டைத் தொடங்கினார். குரலில் வயது தெரிந்தது. ஆனால் அந்தக் குழைவு போகவில்லை. பின்வரிசையில் யாரோ விசும்புவதுகூடக் கேட்டது. செயலாளருக்கு மறுபடியும் தொண்டை அரித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மனைவி முப்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்த ஒழுக்கம் ஒன்று உண்டு: நாலு பேர் நடுவில் இருமல் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாய்க்கு உயர்த்தினார்.

இருநூறு பேரும் இருமினார்கள். இந்த முறை எழுத்து மூலமான உத்தரவு கையில் இருந்ததால், போன தடவையைவிட நம்பிக்கையாக இருமினார்கள்.

கிடார்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் உடம்புக்கு முடியாமயா வந்திருக்கீங்க? எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம். இன்னொரு நாள் வெச்சுக்கலாமே?"

"வேண்டாங்கய்யா, நல்லா இருக்கோம்," என்று அரங்கம் அலறியது. செயலாளர் முக்காலியிலிருந்து எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆசை தீர இருமினார். அழுகை வரும்போலிருந்தது. இத்தனை வருடம் இதற்காகவே வாழ்ந்தவர், இந்த ஒரு சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே தங்கை வந்தாள்.

"என்னண்ணே இது, கண்ணெல்லாம் சிவந்து கெடக்கு. இதை வாயில போடு," என்று கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். வாயில் போட்டால் தொண்டை ஜில்லென்று ஆகிற ரகம்.

"கவலையா இருக்கும்மா. உன் வீட்டுக்காரர் வேற கோவமா இருக்கார்."

"அவர் கிடக்கார். ஒரு இருமலுக்குப் போய் இந்தப் பாடா? நானும் எத்தனையோ தடவை சொல்லலாம்னு பார்த்தேன், நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்க விட்டாத்தானே."

"இப்பவும் நேரமில்லை, அப்புறம் சொல்லு," என்று செயலாளர் உள்ளே ஓடினார். இருமல் அடியோடு நின்றிருந்தது. இரண்டு பாட்டு முடிகிற வரை தொண்டை தெளிந்த குளம்போலக் கிடந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"அடுத்ததா, நீங்க ஆசைப்பட்டுக் கேட்ட பாட்டு," என்றார் கிடார்காரர். "நான் இதை மேடையில பாடினதே கிடையாது. உங்களுக்காகப் பாடறேன்."

'ஏழாம் நம்பர் பஸ்' புறப்பட்டது. அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை. முதல் சரணம் போனது. இரண்டாம் சரணம் போனது. கிடார் தனியாக வாசிக்கத் தொடங்கியது. செயலாளர் எழுந்து நின்று கைக்குட்டையை உயர்த்தினார்.

யாரும் இருமவில்லை. இரண்டு முறை சூடுபட்ட கூட்டம் அது. கைக்குட்டை உயர்ந்தது சரி. ஆனால் இருமலைக் காணோமே? செயலாளர் இருமினால்தான் நாம் இரும வேண்டும் என்று இருநூறு ஜோடிக் கண்களும் அவர் தொண்டையில் காத்திருந்தன.

அவர் இரும முயன்றார். வரவில்லை. தலையை முன்னே தள்ளி, தோளைக் குலுக்கி, நெஞ்சில் குத்திப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. காலையிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று விரட்டிய இருமல், வா வா என்று கூப்பிட்ட நேரத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. மாப்பிள்ளை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது ஓர் இருமல் கேட்டது.

மெல்லிசான இருமல். ஒலிபெருக்கியில் கேட்டது. கிடார்காரர்தான் முகத்தைத் திருப்பி ஒரு முறை இருமிவிட்டு, மூன்றாம் சரணத்துக்குப் போனார்.

அரங்கம் உறைந்துவிட்டது. பிறகு இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். இத்தனை வருடம் கழித்து, அதே பாட்டில், அதே இடத்தில், அதே இருமல். சிலர் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள், ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டார். பாட்டு முடிந்தும் சத்தம் அடங்கவில்லை. மாப்பிள்ளை கையில் மைக்கோடு முன்னே வந்தார்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. இருபது வருஷமா கேட்கணும்னு இருந்தது. அந்த இடத்துல ஏன் இருமினீங்க?"

கிடார்காரர் சங்கடமாகச் சிரித்தார்.

"மன்னிச்சுக்கணும். அடக்கித்தான் பார்த்தேன், முடியலை. உங்களை எல்லாம் பார்த்ததுல, என்னை அறியாம வந்துடுச்சு."

செயலாளர் முக்காலியில் சரிந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அடக்க முடியாமல், தன்னை அறியாமல், மனம் நிறைந்து வந்த இருமல். அவர் சொன்னதும் அதுதானே. மாப்பிள்ளை நேராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாடையும் இல்லை, அப்பாவும் இல்லை. உணர்ச்சிதான் மச்சான். நீங்க ஜெயிச்சுட்டீங்க. நான் சங்கத்தை விட்டுப் போயிடறேன்."

"போறதாவது. நீங்க இல்லாம நான் யார்கூட சண்டை போடறது?" என்று செயலாளர் அவரைக் கட்டிக்கொண்டார்.

கிடார்காரர் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் புறப்பட்டார். உறுப்பினர்கள் கலைந்தார்கள். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த தங்கையைச் செயலாளர் பாசத்தோடு பார்த்தார். மனம் லேசாகியிருந்த நேரத்தில் ஒரு சின்னக் குறை நினைவுக்கு வந்தது.

"ஆமா, இத்தனை வருஷத்துல நீ மட்டும் ஒரு தடவைகூட எங்களோட சேர்ந்து இருமினதே இல்லையேம்மா?"

தங்கை கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நான் ஒரு தடவை இருமினதையே நீங்க இன்னும் விட மாட்டேங்கறீங்களேண்ணே, அன்னைக்கு நீ ரேடியோ பக்கத்துல டேப் ரெக்கார்டரை வெச்சு அந்தப் பாட்டைப் பதிவு பண்ணும்போது, மூச்சுச் சத்தம் கேட்டாக் கொன்னுடுவேன்னு மிரட்டினே, எட்டு வயசுப் பொண்ணு நான், ரெண்டு சரணம் வரைக்கும்தான் அடக்க முடிஞ்சுது."