சோபா முழுங்கிய சத்தம்

சோபாவை வெளியே அனுப்பியே தீருவது என்று சத்தக்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே அறிவித்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அது நல்லதாயிற்று.

தெருவில் அவருக்குச் சத்தக்காரர் என்று பெயர். வீட்டில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் பாடியதையும் வாசித்ததையும் அளவாகக் கலந்து பாட்டாக்கிக் கொடுப்பது அவர் தொழில். அதற்காக வீட்டின் பின் அறையில் மேசையும் நாற்காலியும் இரண்டு ஸ்பீக்கரும் போட்டு, சன்னலுக்குக் கனத்த திரை மாட்டியிருந்தார். மதிய வெயில் அந்தத் திரைக்குள் நுழைந்ததும் தேன் போல மெதுவாகிவிடும். உள்ளே போகிறவருக்கு என்ன அவசரத்தில் வந்தோம் என்பதே மறந்துபோகும்.

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அந்த சோபா. ஒரு சின்ன யானை படுத்திருப்பது போல இருக்கும். அது மனைவியுடையது. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடியற்கால வேலை. கண்ணாடிக் குழாய்களில் பேர் ஒட்டி ஒட்டி மதியம் வீட்டுக்கு வருவாள். வாசலில் செருப்பு, பின் அறையில் தூக்கம், இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு வேறு ஊரே கிடையாது.

அவள் தூங்கும்போது பாட்டு போட முடியாது. போட்டால் கோபப்படமாட்டாள். கண் திறக்காமல் "ம்" என்பாள். அந்த ஒரு "ம்"முக்கு சத்தக்காரரின் கை தானாகவே போய் வால்யூமைக் குறைத்துவிட்டு வரும்.

இப்போது இசையமைப்பாளர் ஒருவர் ஒரு சினிமாப் பாட்டைக் கையில் கொடுத்திருந்தார். "இது நல்லா வந்துச்சுன்னா மொத்தப் படமும் உனக்குத்தான் தம்பி" என்றும் சொல்லியிருந்தார். மதியத்தையெல்லாம் தூக்கத்துக்குத் தாரை வார்த்துவிட்டு எப்படி வேலை முடியும்? மனைவியிடம் நேரே சொல்லலாம். அதற்கு இவரைவிடத் தைரியமான வேறு ஆள் வேண்டும். அதனால் அன்று சாயந்தரம் அவள் எழுந்ததும் விஞ்ஞானத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"இந்த சோபா பேஸை முழுங்குது."

"எதை முழுங்குது?"

"அடியில திம்முனு வருமே, அந்தச் சத்தத்த. என் காதுக்கு வர்றதுக்குள்ள இது முழுங்கிடுது."

"பாவம், அதுக்கும் மதியத்துல பசிக்கும்ல."

"விளையாட்டில்ல. அளந்து காட்டுறேன். மைக் பொய் சொல்லாது."

"மைக் சொல்லாது" என்றாள் அவள். 'மைக்'கில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

மின்விசிறியை அணைத்தார். பிரிட்ஜை அணைத்தார். தான் உட்காரும் இடத்தில், தன் காது இருக்கும் உயரத்தில், பென்சில் மாதிரி ஒல்லியான மைக்கை நிறுத்தினார். பொத்தானை அமுக்கியதும் தரைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. பூமி புரண்டு படுப்பது போல. அது மெல்ல எழுந்து, தேனீயாகி, குழலாகி, நூலாக இழைந்து, காதுக்கு எட்டாத உயரத்தில் கரைந்தது. வீடே ஒரு கணம் கண்ணை மூடித் திறந்த மாதிரி இருந்தது.

சோபா இருக்கும்போது ஒரு தடவை. இருவரும் அதைத் தள்ளி ஹாலில் விட்டுவிட்டு இன்னொரு தடவை. சமைக்கப் போன மனைவி திரும்பி வருவதற்குள் சத்தக்காரர் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு அளவுப் படங்களையும் பார்த்தார்.

சோபா இருந்த படம் காற்றில்லாத குளம் மாதிரி சமமாகக் கிடந்தது. சோபா இல்லாத படத்தில், பேஸ் இருக்கும் பக்கம் ஒரு பெரிய மலை. அந்த யானை இத்தனை நாளும் அறையின் முழக்கத்தையெல்லாம் சம்பளமில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

மைக் பொய் சொல்லவில்லை. விரல்தான் கொஞ்சம் சொன்னது. இரண்டு படங்களின் பெயரையும் மாற்றிப் போட்டார்.

மனைவி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பேரெல்லாம் யார் போட்டது?"

"நான்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன். சோபா ஹால்லயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். வாதாட அவர் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே ஊறிப்போயிற்று. ஆனாலும் வெற்றி வெற்றிதானே. அந்த மயக்கத்தில், அறையின் குறையைத் திருத்தும் மென்பொருளுக்குள் 'சோபா இல்லாமல்' என்று பெயரிட்ட படத்தை ஏற்றினார். அவர் சொன்ன பொய்யை நம்பிய முதல் ஆள் அவரே. குளம் மாதிரிப் படத்தில் திருத்த என்ன இருக்கிறது? மென்பொருளும் மலையைத் தொடாமல் விட்டுவிட்டது. பாட்டைப் போட்டால் பேஸ் யானைப் படையாக வந்தது. குறைத்தார். பிறகும் வந்தது. இன்னும் குறைத்தார். அழகாக அடங்கியதும் அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, கார்ல போட்டுக் கேட்டேன். பாட்டுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே. சாயந்தரத்துக்குள்ள சரியா வரலன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுறேன். தப்பா நெனச்சுக்காத."

சத்தக்காரர் காலி அறையின் நடுவில் நின்று ஒரு தடவை இருமினார். அறை பெரிய மனிதர் போலத் திரும்ப இருமியது. அப்போதுதான் பெயர் மாற்றியது ஞாபகம் வந்தது. மென்பொருளில் சரியான படத்தை ஏற்றிப் பார்த்தார். நாற்காலியில் பேஸின் அளவு சரியாக இருந்தது, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நீளும் முழக்கம் மட்டும் அடங்கவில்லை. அதற்கு அந்த யானைதான் வேண்டும்.

மதியம் ஹாலுக்குப் போனார். சோபாவில் மனைவி பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

"சோபா இங்க ஒரு மாதிரி இருக்குல்ல? உள்ளயே போட்டுடலாமா?"

"வேணாங்க. நீங்க சொன்னது சரிதான். இது சத்தத்த முழுங்குது. தெருச் சத்தம், மாடிச் சத்தம், எல்லாத்தையும் முழுங்கிடுச்சு. சுகமாத் தூங்குறேன்."

"இல்லம்மா, கணக்குல ஒரு சின்ன இது. சோபா இருந்தாத்தான் சத்தம் சரியா வருமாம்."

"யாரு சொன்னா?"

"மைக்."

"நேத்து வேற சொல்லிச்சே." அவள் கொட்டாவி விட்டாள். "சரி, வர்றேன். ஆனா சோபாவோட நானும் இருக்கேனே, அதையும் அளக்கணும்ல? எங்க வேலையில அரைகுறையா அளக்க மாட்டோம். கம்ப்யூட்டர இப்படிக் குடுங்க, நானே அமுக்கிக்கிறேன். பக்கத்து வீட்ல மோட்டார் ஓடுது பாருங்க, போய் நிறுத்தச் சொல்லிட்டு மெதுவா வாங்க."

சோபாவை உள்ளே தள்ளிக் கொடுத்துவிட்டு அவர் போனார். திரும்பி வந்தபோது இரண்டு படங்கள் தயாராக இருந்தன. 'நான் படுத்திருக்கும்போது' குளம். 'நான் இல்லாதபோது' மலை.

ஒரு மனுஷி இவ்வளவு பேஸை உறிஞ்ச முடியாது. அது அவருக்குத் தெரியும். அதோடு அந்த மலையின் முகட்டை அவர் முன்பே பார்த்திருந்தார். நேற்று, இதே திரையில், சோபா இல்லாத படத்தில். வாயைத் திறந்தார். பெயரை மாற்றிவிட்டாயா என்று கேட்டால், பெயரை மாற்ற முடியும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். வாயை மூடிக்கொண்டார்.

அவள் படுத்தாள். அவர் பாட்டைப் போட்டார். இந்தத் தடவை "ம்" வரவில்லை. அவள் மூச்சு தாளத்தோடு ஏறி இறங்கியது. தேன் வெளிச்சத்தில் அறையே படகு மாதிரி அசைந்தது. சாயந்தரம் இசையமைப்பாளரே கூப்பிட்டார். "இப்பத்தான் பாட்டு தரையில கால் ஊன்றி நிக்குது தம்பி. படம் உனக்குத்தான்."

சத்தக்காரர் போனை வைத்துவிட்டு சோபாவின் பக்கம் குனிந்தார். "கேட்டியா? மொத்தப் படமும் நமக்குத்தானாம்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எத்தன பாட்டு?"

"ஆறு."

"அப்போ ஆறும் முடியிற வரைக்கும் நான் எழுந்திருக்கக் கூடாது. பாத்திரம் தொட்டியில கெடக்கு, போய்த் தேச்சிட்டு வாங்க."