கட்டுரையாளர் யாரெனத் தெரியாது

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்! என் கட்டுரையை எனக்கே அனுப்பி, தேறுமா தேறாதான்னு கேக்கறாங்க!"

உதவிப் பேராசிரியை போட்ட சத்தத்தில், பல் டாக்டரான கணவர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

கணினியில் ஒரு பெண்ணிய ஆய்விதழின் மின்னஞ்சல். ஆய்வு, கதை, கவிதை என்று எதை அனுப்பினாலும் அந்த இதழில் ஒரு முறை உண்டு. எழுதியவர் பெயரை அழித்துவிட்டு, விஷயம் தெரிந்த இன்னொருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். இவருக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவரைத் தெரியாது. 'கூட்டங்களில் குறிப்பெடுப்பது யார்?' என்ற தலைப்புக்குக் கீழே 'கட்டுரையாளர்: தெரியாது' என்று போட்டிருந்தது. தெரியாமல் என்ன? நாற்பது அலுவலகக் கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து, குறிப்பெடுக்கிற வேலை எப்போதும் ஒரு பெண் தலையிலேயே விழுவதை இரண்டு வருஷம் பார்த்து எழுதியவள் இவள்தான்.

"இதுக்கா இப்படி அலர்ற? நூத்துக்கு நூறு போட்டு அனுப்பு. வேலை முடிஞ்சுது."

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"இருபதாம் தேதி நேர்காணல்ல கடிதம் இல்லாம வெறுங்கையோட நிப்பியே, அப்ப யாருக்கு வெக்கம்?"

அது சுருக்கென்று தைத்தது. பதினோரு வருஷமாக அவள் உதவிப் பேராசிரியைதான். பதவி உயர வேண்டுமானால், இந்த இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் வேண்டும். அவளிடம் படித்தவன் இன்று துறைத் தலைவன். லீவு வேண்டுமென்றால் அவன் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். "அடுத்த வாரம் எடுத்துக்கக் கூடாதா மேடம்?" என்று கேட்பான். அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

இருந்தாலும் மனசாட்சி விடவில்லை. இதழ் அலுவலகத்துக்கே போன் போட்டாள். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பெண்தான் எடுத்தாள்.

"ஒரு சின்ன விஷயம்மா. நீங்க அனுப்பின கட்டுரை யாரோடதுன்னு எனக்கு..."

"சொல்லாதீங்க மேடம்! யாருன்னு தெரிஞ்சுட்டா அந்தக் கட்டுரையை ஓரங்கட்டிடுவோம். வேற ஆளைப் பிடிச்சு, அவங்க படிச்சு முடிக்க மூணு மாசம் ஆகும். உங்களுக்குத் தெரியுமா?"

"சேச்சே, எனக்கெப்படித் தெரியும்? எத்தனை பக்கம் எழுதணும்னு கேக்கத்தான்..."

போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லியாகிவிட்டது, இனி எழுதித்தான் தீர வேண்டும்.

'மிகச் சிறப்பான கட்டுரை' என்று ஆரம்பித்தாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"வெறும் புகழ்ச்சியா இருந்தா சந்தேகம் வரும். ஒரு குறை சேரு," என்றார் கணவர். "சொத்தையே இல்லாத வாயை நான் பார்த்ததே இல்ல."

மூன்றாம் பகுதி நீளம் என்று சேர்த்தாள். அட, நீளம்தானே என்று பட்டது. உடனே இன்னொன்று கண்ணில் பட்டது. முன்னுரையே முடிவுரையில் திரும்ப வந்திருந்தது. நாற்பது கூட்டங்களில் முப்பத்தொன்று ஒரே கட்டடத்தில் நடந்தவை. அப்புறம் கை நிற்கவில்லை.

"இதே விஷயத்துல முதல்ல வந்த ஆய்வை இவங்க தொடக்கூட இல்லைங்க!"

"எந்த ஆய்வு?"

"ஆறு வருஷம் முன்னாடி நான் எழுதினது."

"நீ எழுதினதை நீயே ஏன் விட்ட?"

"அதைப் போட்டா நான்தான்னு கண்டுபிடிச்சிடுவாங்களேன்னு எடுத்துட்டேன்."

"அப்ப இப்பவும் விட்டுத் தொலையேன்."

"அதெப்படி? ஒண்ணுமே படிக்காம எழுத வந்தா சும்மா விடறதா?"

குறைகள் பதினேழு ஆயின. எழுத எழுத அந்தக் கட்டுரையாளர் மேல் கோபம் தலைக்கேறியது. 'இவருக்கு யார் வேலை கொடுத்தது?' என்றுகூட எழுதி, அதை மட்டும் அழித்தாள். கடைசியில் மூன்று கட்டங்கள்: ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், நிராகரிக்கலாம். சூட்டோடு சூடாக மூன்றாவதில் டிக் போட்டு அனுப்பிவிட்டு, "அப்பாடா, இப்பதான் மனசு ஆறிச்சு," என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கணவர் அவளையே பார்த்தார். "யாரை நிராகரிச்சேன்னு தெரியுதா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. மறுபடி போன்.

"அம்மா, டிக்கை மாத்திப் போட்டுட்டேன். ஏற்கலாம்னு வச்சுக்குங்க."

"பதினேழு குறை எழுதிட்டு ஏற்கலாமா? எழுதினவங்க உங்களுக்கு வேண்டியவங்களா மேடம்?"

"ஐயையோ, வேண்டியவங்களே இல்ல!"

"அப்ப ஆகாதவங்களா? பகையில எழுதினீங்களா?"

"பகையும் இல்ல, உறவும் இல்லம்மா. அவங்க மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல!"

"அப்ப நேர்மையான மதிப்பீடுதான். அப்படியே இருக்கட்டும்," என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் இன்னொரு மின்னஞ்சல், இம்முறை கட்டுரையாளருக்கு. பதினேழு குறைகளையும் இணைத்து, பதில் இருந்தால் எழுதலாம் என்றிருந்தார்கள். அவள் எழுதியதுதான். ஆனாலும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன திமிரு பாருங்க இவளுக்கு! ஒரு கூட்டத்துலயாவது மூணு மணி நேரம் முதுகு வலிக்க உக்காந்திருப்பாளா?"

"எவ?" என்றார் கணவர்.

அதெல்லாம் காதில் விழவில்லை. மதிப்பீட்டாளருக்குத் தலைக்கனம் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். இதழ் அதை மதிப்பீட்டாளருக்கு அனுப்பியது. மதிப்பீட்டாளர் விடுவாரா? ஐந்து பக்கம் எழுதினார். "இன்னிக்கு யார் கை ஓங்கியிருக்கு?" என்று பல் டாக்டர் சாப்பாட்டு மேஜையில் தினமும் விசாரிக்க ஆரம்பித்தார்.

பதினெட்டாம் தேதி அவள் அழுதேவிட்டாள். "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேங்க. அவன்கிட்ட லீவு கேட்டுக் கேட்டே ரிட்டயர் ஆகப்போறேன்."

கணவர் கேலியை நிறுத்தினார். "போய் உண்மையைச் சொல்லிடு. நானும் வரேன், வா."

இதழ் அலுவலகம் மாடியில் ஒரே அறை. சுவரெல்லாம் காகிதக் கட்டுகள், நடுவில் ஒரு மேஜை, அந்தப் பெண்.

"அந்தக் கட்டுரை நான் எழுதினதும்மா. நிராகரிச்சதும் நான்தான். சண்டை போட்டதும் நான்தான், ரெண்டு பக்கமும். என்ன செய்யணுமோ செய்யுங்க."

அந்தப் பெண் நிமிரக்கூட இல்லை. ஒரு நோட்டை இழுத்து அதில் கோடு ஒன்று போட்டாள்.

"உக்காருங்க மேடம். நீங்க பத்தொன்பதாவது ஆள்."

"எதுல?"

பதிலுக்கு ஓர் உறை வந்தது. பிரித்தாள். கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம், போன மாதத் தேதியில். தேதியை இரண்டு தரம் படித்தாள், ஒன்றும் புரியவில்லை. எட்டிப் பார்த்த கணவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அவங்கவங்க கட்டுரையை அவங்கவங்களுக்கே அனுப்பிப் பார்க்கறது எங்க ஆசிரியரம்மா பண்ற ஆய்வு மேடம்," என்றாள் அந்தப் பெண். "பத்தொன்பது பொம்பளைங்களும் குறை கண்டுபிடிச்சு நிராகரிச்சிட்டீங்க, ஆம்பளைங்க ஆறு பேருக்கு அனுப்பினோம், ஆறு பேரும் அன்னிக்கே 'ஒரு புள்ளிகூட மாத்த வேண்டாம்'னு எழுதிட்டாங்க."